நீங்கள் என்னிடம் சொல்லாத துப்பாக்கி

அன்பான அப்பா,

தம்பியின் மேன்முறையீட்டுக்கு கார்ல்ஸ்ரூவிலிருந்து பதில் வந்துவிட்டது. அனுமதியில்லாமல் கைத்துப்பாக்கி வைத்திருந்தது குற்றம்தான் என்கிறது அங்குள்ள ஜெர்மன் கூட்டாட்சி நீதிமன்றம். ஆனால் இரண்டரை வருடச் சிறை என்று இங்கே விதித்ததில் பிழை. தண்டனையை மட்டும் வேறு நீதிபதிகள் புதிதாக விசாரிக்க வேண்டும்.

உங்களுக்கு இது எதுவும் தெரியாது. நீங்கள் கண்மூடிய அடுத்த வருடம் பொலிஸ் எங்கள் கடையின் நிலக்கீழ் கெல்லருக்குள் போதைப்பொருள் தேடி வந்தது. அது இருக்கவில்லை. அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் துப்பாக்கி இருந்தது. கடை அப்போது தம்பியின் பெயரில்.

முதல் தீர்ப்புக்குப் பிறகுதான் வழக்கறிஞரின் கோப்பில் அதன் படத்தைக் கண்டேன். நான் பார்த்தது துப்பாக்கியை அல்ல, அதைச் சுற்றியிருந்த, நீங்கள் இடுப்பில் கட்டும் சாரத்தை. நீலக் கட்டம். எத்தனை முறை தோய்த்துக் காயப்போட்டிருப்பேன்.

வீட்டுக்கு வந்து தம்பியிடம் கேட்டேன். மேன்முறையீடு முடியும்வரை சிறையில்லை; அவன் சோறு பிசைந்துகொண்டிருந்தான்.

"அது அப்பான்ரைதானே?"

"ஓம். கள்ளர் கடையை உடைச்ச பிறகு வாங்கினவர். எனக்கு மட்டும்தான் காட்டினவர்."

"ஏன் கோட்டிலை சொல்லேல்லை?"

"அப்பாவுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்தனான்." பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். "என்னக்கா, நான் மறியலுக்குப் போறன் எண்டு கவலையோ, உனக்குக் காட்டேல்லை எண்டு எரிச்சலோ?"

எரிச்சல்தான் அப்பா.

மூத்தவள் நான். உங்களுக்கு வந்த ஜெர்மன் கடிதங்களையெல்லாம் பள்ளிப் பை தோளில் இருக்க வாசித்துச் சொன்னவள். நேரம் கேட்டு டெர்மின் எடுத்து, கூட வந்து, உங்கள் மூலவியாதியை வைத்தியருக்கு மொழிபெயர்த்தவள். வெட்கமெல்லாம் என்னிடம். பயம் மட்டும் அவனிடமா?

தகனசாலையில் பொத்தானை அழுத்தியதும் அவன்தான். அதற்கு மகன் வேண்டும் என்றார்கள். இதற்குமா?

தீர்ப்பு நாளிலிருந்து அம்மா அவனுக்கு நண்டுக்கறி வைக்கிறார். நான் முதுகலைப் பட்டத்தோடு வந்த நாளில் என்ன சமைத்தார் என்று நினைவில்லை. உங்கள் கூட்டாளிகள் வந்து அவன் தோளைத் தட்டுகிறார்கள். நான் தேத்தண்ணி கொண்டுபோகிறேன். சிறைக்குப் போகக்கூடியவனைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவளை என்னவென்று சொல்வது?

மேன்முறையீட்டில் புதிதாக எதையும் சொல்ல முடியாது, தீர்ப்பில் சட்டப் பிழை உண்டா என்று மட்டுமே பார்ப்பார்கள் என்றார் வழக்கறிஞர். அதனால் வாய்மூடி இருந்தேன். இனிச் சாட்சி சொல்லலாம். துப்பாக்கி தகப்பன் விட்டுப்போனது என்று நீதிபதிகள் நம்பினால் தண்டனை குறையலாம். அவன் சிறைக்குப் போகாமலே இருக்கலாம்.

"செத்த மனுசனை ஏன் கோட்டுக்கு இழுக்கிறாய்?" என்கிறார் அம்மா. தம்பி என்னோடு கதைப்பதில்லை.

பயமாக இருந்ததா அப்பா, இரவில் கடையைப் பூட்டும்போது? ஏன் என்னிடம் சொல்லவில்லை? சட்டம் பேசித் தடுப்பேன் என்றா? தடுத்திருப்பேன்.

அவனிடம் சத்தியம் வாங்கினீர்கள். என்னிடம் வாங்கவில்லை. ஆகவே விசாரணை நாளில் எழுந்து நின்று உங்கள் பெயரை முழுதாகச் சொல்வேன். அவனை வீட்டுக்குக் கூட்டி வருவேன். அதன் பிறகு, நீங்கள் யாரை அதிகம் நம்பினீர்கள் என்று அவனோடு சண்டை பிடிப்பேன்.

உங்கள் மூத்த பிள்ளை,
தாரணி