கறுப்புக் கோடு விழுந்த கணிப்பான்

சமையலறை மேசையில் உமது வரைபுக் கணிப்பான் கிடக்கிறது. மூடியைத் தள்ளினால் இன்னும் வெள்ளைப்பலகை மையின் வாடை. பொத்தானை அழுத்தினேன். திரையின் நடுவே, மேலிருந்து கீழாக, அதே கறுப்புக் கோடு. எந்த வரைபைப் போட்டாலும் நடுப்பகுதி தெரியாது. நாளை ரொம்மனில் நீர் நடத்திய வகுப்பிலிருந்து அடுத்த பிள்ளை இதை வாங்கிப்போக வருகிறது. நீர் போன பிறகும் இது வீடு வீடாகப் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

ட்வெய்ட்டாவில், எங்கள் மாடிக்கட்டடத்தின் கீழ்த்தள அறையில்தான் நாம் இருவரும் சனிக்கிழமைக் கணித வகுப்பைத் தொடங்கினோம். அந்த அறைக்கு அலைந்து திறப்பு வாங்கியவன் நான். உமது இறுதிச் சடங்கில் பேசியவர்கள் ஒருவரும் அதைச் சொல்லவில்லை.

வரைபுத்தாளில் பென்சிலால் வரைந்தால்தான் பரவளைவு கைக்கு வரும் என்பது என் கட்சி. ஒருநாள் ஒரு பிள்ளையின் கணிப்பானை வாங்கிக் கவிழ்த்து வைத்தேன். பெற்றோர் பார்த்திருக்க நீர் சிரித்தீர்.

"ஐசே, பள்ளிக்கூடமே வாங்கச் சொல்லுது. நீர் இன்னும் மடக்கை அட்டவணையைக் கமக்கட்டுக்கை வைச்சுக்கொண்டு திரியிறீர்."

"பெட்டி காட்டாத இடத்தைப் பிள்ளை எப்பிடிக் காணும்?" என்று கணிப்பானைத் தட்டிக் கேட்டேன்.

"அதுக்கும் ஒரு பொத்தான் இருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். அதன் பிறகு நான் வரவில்லை. வகுப்பு ரொம்மனுக்கு மாறியது. என் மகளும் தாயின் சொற்கேட்டு அங்கேதான் வந்தாள்.

போன கிழமை அவள் சோதனை எழுதிவிட்டு வந்தாள். இப்போது முதற்பகுதிக்குக் கணிப்பான் கூடாதாம். நான் கதிரையை விட்டு எழுந்தேவிட்டேன்.

"பாத்தியளே! நான் அண்டைக்கே சொன்னனான்!"

"இனி ஆருக்குச் சொல்லப் போறியள்? அந்த மனுசன்தான் போட்டுதே" என்றாள் மனைவி.

மகள் சப்பாத்தைக் கழற்றியபடியே சொன்னாள்: "எனக்கு முதற்பகுதி சுகம் அப்பா. வகுப்பிலை மாமா இந்தக் கல்குலேட்டரைத்தானே தாறவர். மாத்தச் சொன்னாலும் மாத்தமாட்டார். கோடு மறைக்கிறதைக் கையாலை செய்யவேணும். பெட்டி காட்டாத இடத்தை நீதான் காணவேணும் எண்டுவார்."

நான் மறுபடி கதிரையில் இருந்துவிட்டேன். என் வசனத்தைக் கொண்டுபோய் இவ்வளவு காலமும் அங்கே நடத்தியிருக்கிறீர். எனக்கு ஒரு சொல் சொல்லவில்லை. கடைவாசலில் கண்டபோதுகூடக் குளிரைப் பற்றித்தான் கதைத்தீர். நான் வெல்லுகிற நேரம் பார்த்து அதையும் பறித்துக்கொண்டீர்.

களைப்பாக இருக்கிறது, ஐசே. மன்னிப்பு என்னிடமிருந்து வராது, எதிர்பார்க்கவும் வேண்டாம். புதுப் பற்றரி போட்டு வைத்திருக்கிறேன். நாளை அந்தப் பிள்ளை கோட்டைக் காட்டி, இது பழுதோ என்று கேட்கும். சொல்ல என்னிடம் ஒரு வசனம் இருக்கிறது. என்னுடையதுதான். ஆனாலும் இப்போது அது உமது குரலில்தான் கேட்கிறது.