பெரியக்காவின் நாவலுக்கு ராசன் போட்ட பாட்டு

6 பெப்ரவரி 97, வியாழன்

காலையிலிருந்து மழை. நான் வேலை செய்யும் வீட்டுச் சிஞ்ஞோராவின் பால்கனியில் காயப்போட்ட துணி முழுக்க நனைந்தது. மழைக்கும் ஏச்சு எனக்குத்தான். இன்று அரைநாள் லீவு, அதனால் பேசாமல் வந்துவிட்டேன்.

சிஞ்ஞோரா இந்தக் கிழமை முழுக்கத் தொலைக்காட்சிக்கு முன்னால் அழுகிறாள். ஏதோ பழைய நாவலைத் தொடராக்கிப் போடுகிறார்கள். இந்த இத்தாலிக்காரர் ஒரு புத்தகத்தையும் விட்டுவைப்பதில்லை. பாதிரியார் கதை, பிரபு கதை, வேலைக்காரியைக் காதலித்த பிரபு கதை. அயன் பண்ணிக்கொண்டே நானும் பார்த்தேன். பெரியக்காவின் நாவலின் கால்தூசிக்குக்கூடக் காணாது.

அதைப் படமாக்க வேண்டும் என்று எத்தனை வருடமாகக் கத்துகிறேன்! தீவுப்பகுதிப் பெண் ஒருத்தி. புருசன் வெளிநாட்டில். வருடக்கணக்காகக் காத்திருக்கிறாள். கடைசியில் அவன் பிளேன் ரிக்கற் அனுப்புகிறான். கொண்டுவந்த ஆளிடம், கடற்கரையில் வைத்து, வரமாட்டேன் என்கிறாள். அதுதான் முடிவு. அந்த ஒரு பக்கத்துக்காகவே எடுக்கலாம்.

யாழ்ப்பாணத்தில் அச்சடித்த மற்றப் பிரதிகள் என்ன ஆயினவோ. என்னிடம் ஒன்று இருக்கிறது. பெரியக்கா இடம்பெயர்ந்து வன்னியில் எங்கேயோ. கடிதம் வந்து மாதக்கணக்கு.

சரி, விசயத்துக்கு வருகிறேன். ராசன் எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டான்! கலியாண வீடியோ எடுக்கிற ராசன்தான், வேறு யார் இருக்கிறார்கள். செலவு, பல்லரோச் சந்தைக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கும் தம்பிராசா அண்ணை. (இனி த. அண்ணை. முழுப்பேர் எழுத மை வீண்.) ஈஸ்டருக்கு முன் கோயில் மண்டபத்தில் போட்டுக் காட்டி, கசட்டை லண்டன், கனடா எல்லாம் அனுப்பப் போகிறாராம்.

என் நிபந்தனை ஒன்றே ஒன்று. முடிவில் கை வைக்கக் கூடாது.

த. அண்ணை உடனே சொன்னார்: "ஓம் தங்கச்சி, கொக்கா எழுதின கதை. ஒரு எழுத்தும் மாத்தமாட்டம்."

9 பெப்., ஞாயிறு

வெயில். காற்று. கதாநாயகி இல்லை.

பெண்பிள்ளை இருக்கிற வீடுகளாகப் பார்த்து ஏறி இறங்கினேன். எல்லா வீட்டிலும் தேத்தண்ணி, எல்லா வீட்டிலும் ஒரே பதில். ஒரு தாய் வாய்விட்டே சொன்னாள்.

"புருசன் வேண்டாம் எண்டு சொல்லுறவளா நடிச்சு, அது கனடா வரைக்கும் போனால், நாளைக்கு இவளுக்கு ஆர் கலியாணம் பேசி வருவினம்?"

"அது நடிப்புத்தானே அக்கா?"

"நடிப்பெண்டு நெத்தியிலை எழுதி ஒட்டுறதோ?"

கோபத்தில் இரண்டிரண்டு படியாக இறங்கினேன். கொலைகாரனாக நடிக்க மட்டும் பெடியன்கள் வரிசையில் நிற்பார்கள்.

வீட்டில் இவர். ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரை உணவகத்தில் மீன்சட்டி கழுவிவிட்டு வந்த மணம் இன்னும் போகவில்லை, அதற்குள் பகிடி. "இஞ்சேரும், நீரே நடியுமன். உமக்குத்தான் ஏற்கெனவே புருசன் இருக்கிறான்."

பகிடியாகச் சொன்னாலும் சரியான யோசனை.

செய்ய:
வெள்ளைச் சேலை (கூட்டாளி மெற்றில்டாவிடம் கேட்க)
பெர்மெஸ்ஸோ (வதிவிட அனுமதி) புதுப்பிக்கப் படம்
முதுகுக்குத் தைலம்
த. அண்ணைக்கு நன்றி சொல்ல. அளவாக.

13 பெப்., வியாழன்

முதல் நாள். வீட்டுவேலைக்காரர் எல்லோருக்கும் லீவு வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான், ஆகவே படப்பிடிப்பும் அப்போதுதான். கதாநாயகி விடியற்காலை அடுப்பு மூட்டுவதைப் பின்னேரம் நான்கு மணிக்கு எடுத்தோம். யன்னலுக்குப் போர்வை கட்டி.

ராசன் எதற்கெடுத்தாலும் "அக்கா, கமெராவைப் பாத்துச் சிரியுங்கோ" என்கிறான். பழக்கதோசம். அவள் அழுகிற இடமடா, விசரா.

16 பெப்., ஞாயிறு

கொதி அடங்கவே இல்லை. எழுதினால்தான் அடங்கும்.

மாமியார் செத்தவீட்டுக் காட்சி. சியாகுல்லியில் மண்டரின் தோடம்பழத் தோட்டத்துக்குள் ஒரு ஓட்டு வீடு, மெற்றில்டாவின் புருசன் அங்கேதான் பழம் பிடுங்குகிறார், கேட்டுத் தந்தார். ஒப்பாரிக்கு ஆட்கள் வேண்டும் என்று த. அண்ணை சொல்லிவிட்டிருந்தார். வந்தார்கள். பட்டுச்சேலையில்! அட்டியல், பதக்கம், பூ, பவுடர். செத்தவீட்டுக்கு!

"கனடாவிலை மச்சாள் பாக்கப்போறாள், வசந்தி. கழுத்து வெறுமையா எப்பிடி நிக்கிறது?"

மெற்றில்டா தன் சேலை இரண்டைக் கிழித்துப் போர்த்திவிட்டாள். மன்னாரில் ஒப்பாரி கேட்டு வளர்ந்தவள், அவள் குரல் எடுத்ததும் எனக்கே மயிர் கூச்செறிந்தது. அப்போது ராசன் என்ன செய்தான்? மெற்றில்டாவை விட்டுவிட்டு, கமெராவைத் திருப்பி, வரிசையாக ஒவ்வொரு முகமாக எடுத்தான். ஒவ்வொருவரும் தங்கள் முறை வந்ததும் சேலையைச் சரிசெய்து சிரித்தார்கள். பிணமாகக் கிடந்த கிழவியும் கண்ணைத் திறந்தாள்.

"ஏனடா?"

"ஒரு ஆளின்ரை முகம் விடுபட்டாலும் பிறகு என்னோடை கதைக்காயினம் அக்கா. உங்களுக்குத் தெரியாது, நான் பட்டிருக்கிறன்."

சிரிப்பு வரவேண்டிய இடம்தான். வரவில்லை. பெரியக்கா அந்த அத்தியாயத்தை மண்ணெண்ணெய் விளக்கில் எத்தனை தரம் திருத்தி எழுதினாள் என்று பார்த்தவள் நான்.

23 பெப்., ஞாயிறு

ஸ்ஃபெர்ராகவால்லோ. கடல் அமைதி. வள்ளங்கள் நீலமும் சிவப்புமாக. எங்கள் தீவுக் கடல் இல்லை, பரவாயில்லை, உப்பு ஒன்றுதானே. முடிவுக் காட்சி.

த. அண்ணை காலையிலேயே வந்து நின்றார். கையில் புது வசனம். அவள் ரிக்கற்றைக் கண்ணில் ஒற்றி, தாலியைக் கும்பிட்டு, வள்ளத்தில் ஏறுகிறாளாம்.

"ஒரு எழுத்தும் மாத்தமாட்டம் எண்டு சொன்னனீங்கள் அண்ணை."

"சொன்னனான். அப்ப கதையை வாசிக்கேல்லை."

வாசிக்கவில்லை! செலவு செய்ய ஒப்புக்கொண்ட மனிசன், புத்தகத்தைத் திறந்தே பார்க்கவில்லை!

கத்தினேன். மீன்பிடிகாரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். புத்தகம் உங்களுக்குக் கடைச் சாமானோ, பிடிக்காவிட்டால் அந்தப் பக்கத்தைக் கிள்ளி எறிய? எழுதினவளிடம் கேட்டீர்களோ? அவள் இருக்கிறாளோ இல்லையோ என்றுகூட எனக்குத் தெரியாது. அவள் எழுதினதாவது முழுசாக இருக்க வேண்டாமோ?

அவர் குரலைத் தாழ்த்தினார். "என்ரை மனிசி கொழும்பிலை லொட்ஜிலை நிக்கிறாள், தங்கச்சி. விசா வருமெண்டு இருத்தி வைச்சிருக்கிறன். இஞ்சை பாதிப்பேர் அப்பிடித்தான். இந்தக் கசட் அங்கையும் போகும். அவளும் பாத்துப்போட்டு..."

முடிக்கவில்லை. பாவமாக இருந்தது. பாவமாக இருந்ததிலும் கோபம் வந்தது. இவருடைய பயத்துக்கு என் அக்காவின் வாயைப் பொத்துவதா?

சரி என்று தலையாட்டினேன். ராசன் கமெராவைத் தூக்கினான். ரிக்கற்றை வாங்கி, திருப்பி அந்த ஆளின் கையிலேயே வைத்து, புத்தகத்தில் உள்ளதைச் சொன்னேன். "இவ்வளவு காலமும் கதவை நானே பூட்டி நானே திறந்தனான். இனி எனக்கு ஆரும் திறந்துவிடத் தேவையில்லை. வரமாட்டாளாம் எண்டு சொல்லுங்கோ."

ராசனுக்கு இடையில் நிறுத்தத் தெரியாது. கலியாணத்தில் யார் நிறுத்துவது. முழுக்கப் பதிவாகிவிட்டது. த. அண்ணை பஸ்சுக்கு நடந்தார்.

வென்றுவிட்டேன்!

16 மார்ச், ஞாயிறு

தெற்கத்திய புழுக்கக் காற்று, யன்னல் எல்லாம் புழுதி. கோயில் மண்டபம். ஒரு தொலைக்காட்சிப் பெட்டி, மேசைக்கு மேல் மேசை அடுக்கி ஏற்றியிருந்தார்கள். முன்னால் பிள்ளைகள், பிறகு ஆண்கள், பின்னால் பெண்கள். பெரியக்காவின் பேர் திரையில், சுற்றிவர இதயப் படம் பறந்தபடி. பொறுத்தேன். செத்தவீட்டில் தங்கள் முகம் வந்தபோது கைதட்டினார்கள். அதையும் பொறுத்தேன்.

முடிவு. கடல். நான் ரிக்கற்றைத் திருப்பிக் கொடுக்கிறேன். வாயைத் திறக்கிறேன்.

பாட்டு. கலியாண வீடியோவில் மாலை மாற்றும்போது போடுகிற அதே வாத்திய இசை, கெட்டிமேளச் சத்தத்தோடு. என் வாய் அசைகிறது, ஒரு சொல்லும் இல்லை. பிறகு வெறும் வள்ளம் ஒன்று கடலில் போகிறது, சுபம். நான் அதில் ஏறிப் போய்விட்டேனாம்.

கைதட்டல். "நல்ல முடிவு" என்று முன்வரிசையில் யாரோ.

எப்படி எழும்பினேன் என்று தெரியாது. "றிவைண்ட் பண்ணு" என்றேன். ராசன் "அக்கா, அண்ணைதான் சொன்னவர்..." என்று இழுத்தான். "பண்ணடா!" பண்ணினான். சத்தத்தை நானே முழுக்கக் குறைத்தேன். பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். திரையில் என் வாய் திறந்தது, நானும் திறந்தேன். அங்கே அசைய அசைய இங்கே சொன்னேன். குரல் உடைந்தது. முடிவு வரை சொன்னேன்.

இவர் கதவடியில் நின்று என்னையே பார்த்தார். த. அண்ணை நிலத்தைப் பார்த்தபடி.

பின்னால் பெண்கள் பக்கம் ஒருத்தி எழும்பினாள். போன மாதம்தான் புருசனிடம் வந்து சேர்ந்த பிள்ளை, பேர்கூட எனக்குத் தெரியாது.

"அக்கா, பின்னுக்கு வடிவாக் கேக்கேல்லை. இன்னொருக்காச் சொல்லுங்கோ."