மல்லிகாவின் படிவம்

சனிக்கிழமை

எங்கள் கல்லூரியின் பழைய மாணவியர் சங்கத்தில் புதிதாகச் சேர இரண்டு உறுப்பினர்கள் கையெழுத்திட வேண்டும். மல்லிகாவுக்கு முதல் கையெழுத்து நான் போடுவதாகச் சொல்லியிருந்தேன். இரண்டாம் வருடத்திலேயே படிப்பை நிறுத்தி அவளுக்குக் கல்யாணம் செய்துவிட்டார்கள். இப்போது கணவரும் இல்லை. மேற்கு மாம்பலத்தில் தனியாக இருக்கிறாள்.

இன்று அடையாறில் கூட்டம். நான் படிவத்தை எடுப்பதற்குள் தலைவி, "டிகிரி முடிக்காதவங்கள சேர்த்தா அப்புறம் யார் யாரோ வருவாங்க" என்றாள். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். ஏன் ஆட்டினேன்? என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. படிவம் கைப்பையிலேயே கிடந்தது.

வீட்டுக்கு வந்ததும் மல்லிகா போன் செய்தாள். "என்னடி ஆச்சு?"

"ரெண்டாவது கையெழுத்து கிடைக்கலடி." வாய் கூசாமல் சொன்னேன்.

"போகட்டும் விடு. நீ போட்டிருக்கியே, எனக்கு அது போதும். அந்த ஃபார்ம மட்டும் குடுத்துடு, நான் பத்திரமா வெச்சுக்கறேன்."

காலையில் வாங்கிக்கொள்ள வருகிறாள். வேறு வழி தெரியவில்லை. இப்போதுதான் போட்டேன். அது என் கையெழுத்து மாதிரியே இல்லை.