கத்தரினாவுக்குப் பதில் சொல்லாத மகன்

ஹரோ,
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்பு மகள் சிவரூபினிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் கடவுள் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம், நீயும் குஞ்சு லலிதாவும் சுகமாக இருக்கிறீர்கள் என்று தெரிந்தால்தான் எங்களுக்கு நித்திரை வரும். நீ போனை எடுக்கிறாயில்லை, அதனால்தான் கடிதம். மத்தியானம் தம்பி ஆரணன் வந்து இதைப் படமெடுத்து உனக்கு அனுப்புவான். கோபம் வரும், வந்தாலும் கடைசிவரை வாசி. உன் மாமனார் வால்ட்டர் நம் வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டு இன்று காலை விமானம் ஏறப் போய்விட்டார். கதவைத் திறந்தது நான்தான்.

அவர் செய்ததை நான் மறக்கவில்லை. அவருடைய பண்ணை வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது லலிதா சாப்பாடு போதுமென்று உன்னைப் பார்த்துத் தமிழில் "அம்மா, காணும்" என்று சொன்னதற்காக அவர் மேசையில் ஓங்கி அடித்து, இந்த வீட்டில் இங்கிலீஷ் மட்டும்தான் என்று கத்தியதையும், நீ அன்றே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டவுனில் வாடகை வீட்டுக்குப் போனதையும், மூன்று வயதுப் பிள்ளை அதற்குப் பிறகு தமிழில் வாய் திறக்காததையும் நினைத்து நான் அழாத நாளில்லை. ஆனால் ஜெர்மனிக்குத் தன் முன்னோரின் ஊரைப் பார்க்கப் போன மனிதர் திரும்பும் வழியில் இங்கே ஹரோ ஸ்டேஷனில் பெட்டியோடு நின்று, உங்களைப் பார்க்கலாமா என்று போனில் கேட்டபோது எனக்கு இல்லை என்று சொல்ல வரவில்லை. அப்பா "அந்தாளோட எனக்கு ஒரு கதையும் இல்லை, வந்தால் நான் மேலதான் இருப்பன்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டார். இடியப்பமும் சொதியும் வைத்தேன். வால்ட்டர் தலை நிமிராமல் சாப்பிட்டார், மேலே அப்பா அங்குமிங்கும் நடக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. உன் பெயரை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

நேற்றுச் சனிக்கிழமை, தமிழ் வகுப்பில் பெற்றோருக்குத் தேநீர் போடுவது என் முறை. தானும் வரலாமா என்று கேட்டார். பின்வரிசையில் போய் இருந்தார். சின்னப் பிள்ளைகள் ஒவ்வொருவராக எழும்பி வாசித்தார்கள். ஒரு பிள்ளை சொல் வராமல் தடுமாறித் தாயைத் திரும்பிப் பார்க்க, தாய் இருந்த இடத்திலிருந்தே சொல்லிக்கொடுத்தாள். அதோடு இவர் கதிரையைத் தள்ளிவிட்டு வெளியே போய்விட்டார். இங்கேயும் வந்து கோபமா என்று தேநீரை அப்படியே விட்டேன். அடக்கிவைத்த எல்லாவற்றையும் முகத்துக்கு நேரே கேட்பது என்று பின்னால் போனேன். கார் நிறுத்துமிடத்தில் தூறலில் தொப்பியில்லாமல் நின்றார். என் பேத்தியின் வாயை ஏன் அடைத்தீர்கள் என்று கேட்டேன். பதில் சொல்லத் தொடங்கியவர் கனநேரம் நிறுத்தவில்லை.

அவர்களுடைய ஆட்கள் ஜெர்மனியில் நிலமில்லாமல் ரஷ்யாவுக்குப் போய் வொல்கா ஆற்றங்கரையில் நூறு வருடம் கோதுமை விதைத்தவர்களாம். அங்கே பெடியன்களைப் பட்டாளத்துக்குப் பிடிக்கத் தொடங்கியதும் கப்பலேறி நீ இப்போது இருக்கிற நெப்ராஸ்காவுக்கு வந்திருக்கிறார்கள். மரமே இல்லாத தரை, புல்லோடு மண்ணை வெட்டி அடுக்கிச் சுவரெழுப்பி அதற்குள் இருந்திருக்கிறார்கள். முதல் விளைச்சலை வெட்டுக்கிளி தின்றுவிட்டது. அப்படியும் விடாமல் பிடித்த நிலம்தான் இன்று உன் மனுசன் கார்ல் உழுகிற நிலம். பிறகு முதலாம் உலக யுத்தம் வந்தது. ஜெர்மன் பேசுகிறவன் எல்லாம் எதிரி என்று ஆகிவிட்டது. ஒரு ஞாயிறு, தேவாலயம் முடிந்து வந்த நேரம், தெரிந்த அயலவர்களே கூட்டமாக வந்து துரோகி வீடு என்று காட்டக் கதவில் மஞ்சள் பெயின்ற் ஊற்றி, வால்ட்டரின் தாத்தாவை முற்றத்தில் முழங்காலில் இருத்திக் கொடியை முத்தமிடச் சொன்னார்களாம். எட்டு வயது மகன் ஓடிவந்து, அப்பா எழும்புங்கோ என்று ஜெர்மனில் கத்தினான். ஒருவன் அந்தப் பிள்ளையின் வாயிலேயே அடித்தான்.

அந்தப் பிள்ளைதான் வால்ட்டரின் அப்பா. அன்றைக்குப் பிறகு அவர் வாயிலிருந்து ஜெர்மன் ஒரு சொல் வரவில்லை. தாய் கத்தரினாவுக்கோ வேறு பாஷை தெரியாது. ஒரே கூரைக்குக் கீழே வருடக்கணக்காகத் தாய் ஜெர்மனில் கேட்பதும் மகன் இங்கிலீஷில் பதில் சொல்லிவிட்டுப் போவதுமாகவே காலம் போயிருக்கிறது. கத்தரினா சாகக் கிடந்தபோது வால்ட்டருக்கு ஐந்து வயது, கட்டிலடியில் நின்றிருக்கிறார். அந்த மனுசி மகனைப் பார்த்து ஏதோ கேட்டாளாம். மகனுக்கு விளங்கியது, முகத்தில் தெரிந்தது என்கிறார். ஆனால் அந்த மகன் அவளுக்குப் போர்வையை இழுத்து மூடிவிட்டுப் பேசாமல் நின்றார். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாளாம், மூச்சு அடங்கும்வரை. என்ன கேட்டாள் என்று வால்ட்டர் பிறகு எத்தனை தரம் கேட்டும் அவருடைய அப்பா சொல்லவில்லை. லலிதா மேசையில் வாய் திறந்ததும் யாரோ அடிக்க வரப்போகிறார்கள் என்றுதான் தனக்குத் தோன்றியது, வெறுப்பில்லை, பயம் என்றார்.

நான் உடனே சரி என்று சொல்லவில்லை மகள். வெளியாட்கள் உங்கள் அப்பாவின் வாயில் அடித்தார்கள், என் பேத்தியை அடக்கியது அவளுடைய சொந்தத் தாத்தா, எது பெரிது என்று கேட்டேன். மழை பெலத்த பிறகுதான் உள்ளே வந்தோம்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் "எண்பத்து மூண்டு கலவரத்தில கொழும்பில பஸ்ஸுக்குள்ள தமிழில வாய் திறக்காதையெண்டு நான் உன்ரை கையைப் பிடிச்சு அமத்தினது உனக்கு ஞாபகமோ" என்று கேட்டார். ஓம் என்றேன். இன்று காலை அப்பா தானாகவே கீழே இறங்கி வந்து, வால்ட்டரின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன்வரை நடந்தார். இருவரும் என்ன பேசினார்கள் என்று சொல்லவில்லை.

வால்ட்டர் நாளைக்கு உன் வாசலுக்கு வருவார். நீ கூப்பிடாமல் கதவைத் தட்டக் கூடாது என்று நான் சொல்லியிருக்கிறேன், தெருவில் வண்டிக்குள்ளேயே இருக்கிறேன் என்று ஒப்புக்கொண்டார். திறப்பதும் விடுவதும் உன் முடிவு, மன்னித்துவிடு என்று நான் சொல்ல மாட்டேன், மன்னிக்க வேண்டியவள் லலிதாவும்தான். ஆனால் திறந்தால், அவர் முன்னால் பிள்ளையோடு தமிழிலேயே பேசு. ஒரு நேரச் சாப்பாடு முழுக்க ஒன்றும் விளங்காமல் அந்த மேசையில் இருப்பீர்களா என்று அவரிடம் கேட்டேன். இருப்பேன் என்றார்.

பிள்ளையைக் கதை, பேசு என்று நெருக்காதே, நீ பேசிக்கொண்டே இரு, அது போதும். நேரத்துக்குச் சாப்பிடு. கார்லோடு சண்டை பிடிக்காதே, அவன் பாவம், இரண்டு பக்கமும் இடிபடுகிறான். பனியில் கார் ஓட்டுவதென்றால் மெதுவாக ஓட்டு. நல்லூர் முருகன் உங்கள் மூவரையும் காப்பான். நாளைக்கு என்ன நடந்தாலும் ஒரு சொல் போன் பண்ணு, நானும் அப்பாவும் முழித்திருப்போம்.

இப்படிக்கு
உன்னையே நினைத்திருக்கும்
அம்மா சந்திரவதனா