பஸ் நிலையத்தில் நெசவாளர் சங்கக் கூட்டம்

அன்புள்ள யாத்விகாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நல்லபடியாக இருக்க மாதாவை வேண்டிக்கொண்டு இதை எழுதுகிறேன். இங்கே குளிர்காலத்துக்கு முட்டைக்கோஸ் உப்பில் ஊறப்போட்டாயிற்று, கரியும் வாங்கி அடுக்கியாயிற்று, என் முழங்கால் எப்போதும்போல. அப்பாவுக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை, ஞாபகம்தான் பிசகிவிட்டது. திங்கட்கிழமையானால் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு நெசவாளர் சங்கக் கூட்டத்துக்குக் கிளம்பிவிடுகிறார்.

சங்கத்துக் கட்டடத்தை இடித்து பஸ் நிலையம் கட்டியபோது நீ கைக்குழந்தை. ஜெர்மன் நெசவாளர்கள் கட்டியது, பிறகு நம்மவர்களும் சேர்ந்தார்கள், யுத்தத்தில் பட்டாளத்தான் குதிரை கட்டினான், அப்புறம் சினிமாகூட ஓடியது. ஏன் இடித்தார்கள் என்றால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள், கூரை இற்றுப்போயிற்றாம், இல்லை, அப்போது ஆட்சியிலிருந்த கட்சிக்காரர்களுக்குச் சங்கம் என்றாலே ஆகாதாம். பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் ஸ்டெஃபாதான் அப்பாவைக் கூட்டிவருகிறாள், "என்ன மாமா, இன்னிக்கும் தலைவர் வரலையா, பேசாம உங்கள வார்சா பஸ்ல ஏத்திவிட்டுடவா" என்று கேலி வேறு. முதல் தடவை, கட்டடத்தை இடித்துவிட்டார்கள் என்று சொல்லிவிட்டேன். அன்றைக்குத்தான் இடித்ததுபோலச் சாப்பிடாமல் அழுதார், மறுவாரம் மறந்துபோய் மறுபடி கிளம்பினார். அதற்கப்புறம் எனக்கு வாய் வரவில்லை, சொல்வது பாவமா சொல்லாதது பாவமா ஒன்றும் புரியவில்லை.

போன திங்கட்கிழமை நடந்ததைக் கேள். இடித்த அன்று அப்பா தள்ளுவண்டியில் கொண்டுவந்த சங்கத்துப் பெட்டியில்தானே கம்பளி வைத்திருக்கிறேன், குளிருக்கு எடுக்கலாமென்று திறந்தேன். கூட்டத்தில் அந்தப் பெட்டியின் மூடி திறந்திருக்கும்வரை யாரும் உட்காரக் கூடாது, பொய் பேசக் கூடாது என்பது சங்கத்தார் கட்டுப்பாடு. அப்பா தொப்பியைக் கழற்றிக்கொண்டு எதிரே வந்து நின்றார், "ப்ரோனியா, நம்ம சங்கம் இருக்குதா, இடிச்சிட்டாங்களா" என்று கேட்டார். நான் மூடியைச் சாத்திவிட்டு, "இருக்கு, எங்க போயிடப்போகுது" என்றேன். அவர், "அப்ப எதுக்கு மூடின" என்று கேட்டுவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டு கூட்டத்துக்குப் போய்விட்டார்.

அவருக்குத் தெரியுமா தெரியாதா, தெரிந்தேதான் போகிறாரா, நினைக்க நினைக்கத் தலை சுற்றுகிறது. ஞாயிற்றுக்கிழமை போனில் உன்னிடமும் கேட்பார், என்ன சொல்லப்போகிறாய் என்று முன்னாலேயே எனக்கு எழுது, இரண்டு பேரும் ஒன்றையே சொல்வோம். குழந்தைக்குக் காதை மூடித் தொப்பி போடு. மாதா உங்கள் எல்லோரையும் காக்கட்டும்.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
ப்ரோனிஸ்வாவா