மருமகனுக்குக் களவாத் தலை

ஞாயிறு, இரவு.

இன்று திருப்புறத்தில் மாமனார் வீட்டில், கல்யாணத்துக்குப் பிறகு முதல் விருந்து. மீன் தலை மருமகனுக்குத்தான் என்பது அவர்கள் வழக்கம். என் தட்டை மறைத்துக்கொண்டு ஒரு களவாத் தலை வந்து இறங்கியது.

"அண்ணைக்கு நீங்க சொன்னியள்லா மாப்பிள, பெரிய களவா இப்போ அபூர்வம்னு? பூவார்ல சொல்லி வச்சுப் பிடிச்சதாக்கும்," என்றார் மாமனார்.

சொன்னேன்தான். களவா மெல்ல வளரும், பெட்டையாகப் பிறந்து வயதான பின்தான் ஆணாகும், கடலடிப் பாறைகளில் மிஞ்சியிருக்கும் பெரியவற்றையும் பிடித்துவிட்டால் இனமே பெருகாது என்று மீன் ஆராய்ச்சிக்காரனாக அன்று நீட்டி முழக்கினேன். அவர் காதில் விழுந்தது அபூர்வம் என்ற ஒரு சொல்.

எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். தின்றேன். ருசியாக வேறு இருந்து தொலைத்தது. தலைக்குள் இருந்த காதுக்கல்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அறுத்து வளையங்களை எண்ணினால் வயது தெரியும். எண்ணப் போவதில்லை.

கிளம்பும்போது மனைவியின் பாறசாலைச் சித்தப்பா கையைப் பிடித்துக்கொண்டார். "வாற ஞாயிறு நம்ம வீட்டுலயாக்கும். இதைவிடப் பெரிசுக்குச் சொல்லியாச்சு."

அவளுக்கு இன்னும் மூன்று சித்தப்பாக்கள் உண்டு.