பத்துக் கொபெக்கில் ஒரு குதிரைக்காரன்

இன்று மத்தியானம், டோர்வல் விமான நிலையத்தில் நான் வேலை செய்யும் நாணய மாற்றுக் கூண்டுக்கு வந்த பிரயாணி ஒருவர், கோட்டுப் பையில் கிடந்த ரஷ்யச் சில்லறையை அப்படியே தட்டில் கொட்டினார். நாங்கள் தாள்தான் வாங்குவோம் என்றேன். நீங்களே வைத்திருங்கள் என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்தச் சில்லறைக்குள் ஒரு பத்துக் கொபெக் நாணயம் கிடந்தது. நூறு கொபெக் சேர்ந்தால்தான் ஒரு ரூபிள். குதிரையில் இருந்தபடி ஈட்டியால் பாம்பைக் குத்தும் அந்த வீரனைக் கண்டதும் உன்னோடு கதைக்க வேண்டும் போலிருந்தது.

தொண்ணூற்றெட்டு தை மாதம். மொஸ்கோவில், வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் அடைத்து வைத்த வீட்டில் ஒன்பது பேர். நான் யாழ்ப்பாணம், நீ மன்னார், இருவருக்கும் ஒரே போர்வை. காப்பு விற்ற காசு முழுக்க ரூபிளாக என் சட்டை மடிப்புக்குள் இருந்தது. அது இல்லாவிட்டால் எனக்குக் கனடா இல்லை. அந்த மாதம்தான் அரசாங்கம் புதுத் தாள் விட்டது. பழையது இனிச் செல்லாதாம், சந்தையில் ஒருவன் பாதி விலைக்கு வாங்குகிறானாம் என்று வீட்டில் கதை. பாதியாவது மிஞ்சட்டும் என்று நான் புறப்பட்டுவிட்டேன்.

நீ விடவில்லை. என்னைப் பாண் ரொட்டி விற்கும் கடைக்கு இழுத்துப் போய், என் பழைய பத்தாயிரத்தை நீட்டினாய். கடைக்காரி முகம் சுளிக்காமல் வாங்கி, பாணையும் மிச்சத்தைப் புதுக் காசாகவும் தந்தாள். அதிலிருந்த ஐந்து ரூபிள் தாளை என் பழைய ஐயாயிரத்துக்குப் பக்கத்தில் பிடித்தாய். இரண்டிலும் அதே தேவாலயம், அதே கோட்டை மதில்.

"வடிவாப் பாரடி. படம் மாறேல்லை. மூண்டு சைபரை வெட்டியிருக்கிறாங்கள், அவ்வளவுதான். பாணின்ரை விலையிலையும் மூண்டு சைபர் இல்லை."

ரஷ்யப் பணத்தில் நான் படித்த அரிச்சுவடி அதுதான். இன்றைக்கும் எந்த நாட்டுத் தாள் வந்தாலும் முதலில் படத்தைத்தான் பார்க்கிறேன்.

கடைக்காரி தந்த சில்லறைக்குள் கிடந்த பத்துக் கொபெக்கை எடுத்து, கத்தோலிக்கக்காரி நீ முத்தமிட்டாய். "புனித ஜோர்ஜியார்! கடைக்காரி பதக்கத்தை மாறித் தந்திட்டாள்." நான் விழுந்து விழுந்து சிரித்தேன். எவ்வளவு நாளைக்குப் பிறகு சிரித்தேன் தெரியுமா?

நான் பயணப்பட்ட அன்று அதை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாய். "ஜோர்ஜியாரும் கூட வாறார். பயப்பிடாதை." சைவக்காரி நான், குடிவரவு அதிகாரிக்கு முன்னால் நிற்கும்வரை அதைக் கைவிடவில்லை.

அடுத்த வருடம் நீயும் கனடாவுக்கு வந்தாய். விமான நிலையத்துக்குக் கிட்ட, சென்ட் லோரன்டில் ஒரே மாடியில் எதிரெதிர் வீட்டில் இருந்தோம். போன குளிர்காலம், ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ கிடந்தபோது அந்தக் காசைக் காட்டிக் கேட்டேன்.

"இப்பவும் இது பதக்கமெண்டுதான் நினைக்கிறியோ?"

"விசரி, காசெண்டு அண்டைக்கே தெரியும். நீ நடுங்கிக்கொண்டெல்லோ நிண்டனி. கையிலை பிடிக்க ஏதாவது வேணும்."

அப்படியென்றால் இப்போது நீ பிடித்துக்கொள் என்று நீட்டினேன். நீ வாங்கவில்லை. "எனக்குப் பயமில்லை. உனக்குத்தான் வேணும்" என்று என் விரல்களை மூடிவிட்டாய். நீ சொன்னது சரி.

இப்போது என்னிடம் இரண்டு இருக்கின்றன. இன்று வந்ததை ஞாயிற்றுக்கிழமை உன் கல்லறையில் வைப்பேன். நீ தந்ததைத் தர மாட்டேன். கேட்க வேண்டியதை எல்லாம் நான் முருகனிடம்தான் கேட்கிறேன். ஆனால் நடுக்கம் எடுத்தால், என் கை பைக்குள் அந்தக் குதிரைக்காரனைத்தான் தேடுகிறது.